சட்டை சலவைக்குப் போயிருக்கிறது

காலுறை பின்னுகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் குதிகால்தான். கணுக்கால்வரை குழாய் மாதிரி நேராக இறங்கிவிடலாம். ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னலாம். குதிகாலில் திரும்பும்போதுதான் வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த இடம் வந்ததும் ஊசியை என் பக்கம் நீட்டிவிடுவார்கள். "டீச்சர், இத மட்டும் திருப்பிக் குடுத்துடுங்களேன்." நானும் செய்து கொடுப்பேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. வேண்டுமானால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், ஐயா.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான் தைத்தால் அதைப் போட்டுக்கொள்ள ஆள் கிடையாது. அப்போதுதான் அந்த இல்லத்துக்குப் போக ஆரம்பித்தேன். இனி எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம் அது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். பழைய கட்டடம், வெயில் காலத்தில்கூடத் தரை சில்லென்று இருக்கும். நோயாளிகளுக்குக் கம்பளிக் காலுறை பின்னித் தரலாமே என்று சொன்னவள் நான்தான். தலைமை நர்ஸ் பெரிய ஜன்னல் வைத்த அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் அம்மா ஒருத்தி வந்தாள். கை ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

பின்னிய காலுறைகளை நானே கட்டில் கட்டிலாகப் போய் மாட்டிவிடுவேன். மற்றவர்களுக்கு அதில் கொஞ்சம் அருவருப்பு. எனக்கு இல்லை. போகப்போகிறவர்களுக்கு உடம்பில் முதலில் குளிர்ந்துபோவது பாதம்தான். விரல் நுனியில் தொடங்கும், பிறகு உள்ளங்கால், பிறகு கணுக்கால். நாள் பட நாள் பட எனக்கு அது பிடிபட்டுவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

போர்வை பிறகு வந்தது. முதல் போர்வை ஒரு குமாஸ்தாவுடையது. அவர் போன பிறகு அவருடைய மனைவி பழைய சட்டைகளை ஒரு பையில் போட்டு, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று விட்டுப் போனாள். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு ஒரு போர்வையாக்கினேன். மழைக்காலம் முழுக்க ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "ஓ, அவரோட சட்டையா? அப்படி வைங்க டீச்சர்," என்றாள். டீ கொடுத்தாள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழுது முடித்தவர்களுக்குப் போர்வை எதற்கு? அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்தது ஒரு கடைக்காரம்மா. அவள் மூச்சு இருக்கும்போதே புடவைகள் என் கைக்கு வந்தன; துவைக்க ஆளில்லை என்று அவள் தங்கை கொடுத்தாள். நான் துவைத்தேன், வெட்டினேன். அவள் போன அன்றே போர்வை தயார். அவளுடைய மூத்த மகன் மலை மாதிரி ஆள், மூட்டை தூக்குகிற உடம்பு. அந்தப் போர்வையை விரித்ததும் குழந்தை மாதிரி மடங்கி உட்கார்ந்துவிட்டான். முகத்தை அதில் புதைத்துக்கொண்டான். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டான். "எங்கம்மாவத் திருப்பிக் குடுத்துட்டீங்க டீச்சர்." எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அந்தக் கையை அன்று முழுக்க நான் கழுவவில்லை.

அதன் பிறகு என் போர்வை ஒன்றுகூடத் தாமதமானதில்லை.

நோயாளிகள் வரும்போது கொண்டுவந்த துணிமணி எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் பூட்டி இருக்கும். காலுறை வைப்பதற்கென்று தலைமை நர்ஸ் சாவிக்கொத்தை என்னிடமே விட்டுவைத்திருந்தார். இனி ஒருநாளும் போடப்போகாத துணிகள். அதிலிருந்து நான் எடுத்ததை நீங்கள் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நூல்கூட என் வீட்டில் தங்கவில்லை. எல்லாம் அந்தந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, போனபோது இருந்ததைவிட அழகாக. போஸ்ட் மாஸ்டர் அம்மா கிண்டலாகச் சொல்வாள்: "டீச்சர் ஊசி எடுத்தா அங்க மேல ஆபீஸ்ல சீட்டு கிழிச்சுடுவாங்க போல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

டிரைவர் வந்தது அப்படிப்பட்ட நல்ல காலத்தில். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். கட்டிலில் படுத்திருந்தாலும் வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். மனைவி இல்லை, ஒரே மகள், வெளியூரில் வேலை. தினமும் போனில் அப்பாவோடு பேசுவாள், முடிந்தபோதெல்லாம் வருவாள். அப்பா என்னைத் தங்கச்சி என்றதால் அவளுக்கு நான் அத்தை. அவருக்கு நெஞ்சிலும் சிறுநீரகத்திலும் ஒருசேரக் கோளாறு. அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கணுக்கால்வரை சில்லிட்டிருந்தது. டாக்டரும் இந்த வாரம் தாண்டாது என்றார்.

அலமாரியில் நல்ல துணிகள் இருந்தன. காக்கிச் சட்டைகள், வெளுத்துப்போன வேட்டிகள், நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று. அந்த நீலக்கோடு மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்று அவரே சொல்லியிருந்தார். அதை நட்டநடுவில் வைத்தேன். காக்கியைச் சுற்றி ஓடவிட்டேன், சாலை மாதிரி. என் கையால் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. அடக்கத்துக்காக மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஆனால் டிரைவர் போகவில்லை. புதிதாக ஏதோ மருந்து மாற்றினார்கள். ஒருநாள் காலையில் காலுறை மாட்டப் போனால் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. நான் நம்பாமல் இன்னொரு காலைத் தொட்டேன். அதுவும்தான். "என்ன தங்கச்சி, டயர்ல காத்து இருக்கா?" என்றார். அடுத்து எழுந்து உட்கார்ந்தார், அடுத்து ஜன்னல்வரை நடந்தார். வீட்டுக்கே அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இல்லத்தில் அப்படி நடப்பது அபூர்வம். நர்ஸுகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நீலக்கோடு சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். அலமாரியைத் திறந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். சட்டை சலவைக்குப் போயிருக்கிறது என்றேன். மறுநாளும் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். "சலவைக்காரன் அதப் போட்டுக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டானா?" என்றார். மகளிடம் போனில் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். வெட்டிய சட்டையைச் சட்டையாக்க எந்தத் தையல்காரியாலும் ஆகாது. அதே மாதிரிக் கோடு கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை. மகள் மறுநாள் வண்டியோடு வருவதாக இருந்தது.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து வார்டே அசந்து கிடந்தது. போர்வையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். பார்த்தால் அவருக்கும் பிடித்துவிடும், மகளுக்கு அவர் கையாலேயே கொடுக்கலாம் என்று நினைத்தேன். நெஞ்சுவரை போர்த்திவிட்டேன். விழித்துப் பார்த்தார். விரலால் காக்கியைத் தடவினார், அப்படியே நடுவுக்கு வந்தார். நீலக்கோட்டில் விரல் நின்றது.

"இது என் சட்டையாச்சே."

நான் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"என்ன தங்கச்சி, ஆளு இருக்கும்போதே சட்டைய வெட்டிட்டீங்களா?"

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "வரட்டும் எம்மக. இதச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. உங்க ஜன்னல் ரூம்ல வந்து எல்லாருக்கும் நானே சொல்றேன், இருங்க," என்றார். போஸ்ட் மாஸ்டர் அம்மாவின் முகம் எனக்குக் கண்முன் வந்தது. அப்புறம் அந்த மூட்டை தூக்குகிற பையன், என் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டவன், அவனுக்கும் இந்தக் கதை எப்படியும் போய்ச் சேரும். அவனும் கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

அத்தனை சிரிப்பு அவர் நெஞ்சுக்கு நல்லதில்லை. நான் போர்வையைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். சிரிப்பு நிற்கும்வரை பிடித்துக்கொண்டேன். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. மற்றதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வலது கால் மட்டும் தரையைத் தேடுகிற மாதிரி அழுத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. தலையணையைச் சரி செய்தேன். நழுவிய காலுறையை மாட்டிவிட்டேன்.

அங்கே இறப்பை யாரும் சந்தேகிப்பதில்லை, ஐயா. வருவதே அதற்குத்தானே. அணையப்போகிற விளக்கு கடைசியாக ஒரு தடவை பளிச்சென்று எரிந்தது என்று டாக்டர் சொன்னார். தலைமை நர்ஸ் என் தோளில் கை வைத்து, "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும் டீச்சர்," என்றார்.

மறுநாள் மகள் வந்தாள். அப்பாவைக் கூட்டிப்போக வந்த வண்டி வாசலில் நின்றது. ஜன்னல் அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் போர்வையை அவள் மடியில் வைத்தேன். அவள் அழுததை எப்படிச் சொல்வது? அதற்கு முன்னால் யாரும் அப்படி அழுததில்லை. என் மடியில் தலை வைத்து, "அத்தை, அத்தை," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இவளுக்காகத்தான் எல்லாம் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சில வாரம் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். போர்வை மடித்தபடி கையில் இருந்தது. கண் காய்ந்திருந்தது. ஜன்னல் அறையில் நான் தனியாக இருந்தேன். எதிரில் உட்கார்ந்து போர்வையை விரித்து, நீலக்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அத்தை. இத எப்ப தச்சீங்க?"

எவ்வளவு அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தையல், என்ன நூல் என்று சிலர் கேட்பார்கள். எப்போது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"அப்பா போயிட்ட அன்னைக்குக் காலையில எங்கிட்ட பேசினாரு. சட்டை இன்னும் சலவையிலேருந்து வரல, வந்ததும் போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம்னாரு. அப்படின்னா இது எப்ப அத்தை?"

ராத்திரி உட்கார்ந்து தைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நெருக்கமாக ஓடிய அந்தத் தையலை ஒரே ராத்திரியில் போட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை மடித்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. துக்கத்தில் இருக்கிறவள்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொரு போர்வையும் எப்படி அந்தந்த நாளுக்குச் சரியாகத் தயாரானது என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். பாதத்தைத் தொட்டால் தெரியும் என்றேன். அது உண்மைதான். ஆனால் பாதம் தோராயமாகத்தான் சொல்லும். நாலு நாள் முன்பின் ஆகும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். அதுவரை போர்வையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதா? இரண்டாவதாகச் சொன்னேனே கடைக்காரம்மா, அவளிலிருந்து எல்லோரும் போகிறவர்கள்தான். நான் ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் கடைசி ஓரப்பட்டிவரை தைத்து, முடிச்சுப் போட்டு, நூலை அறுத்த பிறகுதான் அவர்கள் கட்டிலுக்குப் போனேன். டிரைவர் போர்வையில் மட்டும் ஓரப்பட்டி பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தைத்தேன். அவர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.