ஏழாம் பெட்டுக்குப் பச்சை

— எழுதுடி. பேனாவக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தா விளக்கம் தானா வந்துடுமா?

— இல்ல அக்கா, ஆச்சரியமா இருக்கு. நேத்து வரைக்கும் இந்த வார்டுல எல்லாம் டேப் கம்ப்யூட்டர்லதான், ஒரு துண்டு பேப்பர் கண்ணுல படக்கூடாதுன்னீங்க. இன்னைக்கு நீங்களே வெள்ளைத்தாள நீட்டுறீங்க.

— கிண்டலா? பத்து மணிக்கு மேலிடத்துல விசாரணை. உன் கைப்பட எழுதி வேணுமாம்.

— ஏன், டேப்புல தட்டினா செல்லாதா?

— வாய் ரொம்ப நீளுது. இன்சார்ஜ் நர்ஸுகிட்ட பேசுறோம்ங்கிற நினைப்பு இருக்கா உனக்கு?

— இருக்கு. இல்லன்னா இந்நேரம் வேற மாதிரி பேசியிருப்பேன்... சொல்லுங்க. என்னன்னு எழுதணும்?

— நடந்தத எழுது. ஏழாம் பெட் தையல்காரருக்கு நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு வலிப்பு வராமத் தடுக்கற ஊசி போடணும். டேப்புல 'போட்டாச்சு'ன்னு பச்சை விழுந்திருக்கு. உன் பேர்ல. ஆனா ஊசி பெட்டியிலயே இருக்கு. சாயங்காலம் மனுஷனுக்கு ரெண்டு தடவ வலிப்பு வந்து ஐசியூல கிடக்கறாரு.

— ஊசி போடலன்னு நான் எப்பவோ ஒத்துக்கிட்டேன். அவர ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருந்தேன். அங்க லேட்டாச்சு, என் டூட்டி முடிஞ்சுது. அவர அங்கயே விட்டுட்டு மேல வந்து, சீட்டு எழுதி மேஜையில ஒட்டிட்டுத்தான் போனேன். 'ஏழு, ஊசி போடல, ஸ்கேன்லேருந்து வந்ததும் போடணும்.' கொட்டை எழுத்துல.

— சீட்டு, சீட்டு... எத்தன தடவ சொல்லியிருப்பேன், சீட்டுல எழுதாதன்னு? அடுத்த டூட்டிக்காரிகிட்ட வாயால சொல்லிட்டுப் போனா என்ன?

— அவ வர லேட்டாகும், நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்னு யாரு சொன்னது?

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— சொல்லுங்க அக்கா. யாரு சொன்னது?

— சரி, நான்தான். அதுக்கு? அவ வந்தா, டேப்பப் பாத்தா, பச்சையா இருந்துச்சு, விட்டுட்டா. அவ மேல என்ன தப்பு?

— அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவ வந்தப்ப என் சீட்டு அங்க இல்ல. அதான் தப்பு. நாலு பக்கமும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். தானா பறந்து போயிருக்காது.

— துப்புரவு பண்றவங்க எடுத்திருப்பாங்க.

— கேட்டேன். நேத்து மேஜைப் பக்கமே வரலையாம். மூணு மணிக்கு மேலிடத்துலேருந்து ஆளுங்க வர்றாங்கன்னு நீங்களே துடைச்சீங்களாமே?

— என்னையே விசாரிக்கிறியா நீ?

— அவரோட சம்சாரம் ஐசியூ வாசல்ல உக்காந்திருக்காங்க அக்கா. தாலி கட்டின நாள்லேருந்து இந்த மாதிரி வந்ததே இல்லங்கறாங்க. 'ஊசி போட்டீங்கதானே கண்ணு'ன்னு என் கையப் புடிச்சுக் கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது? என் வேலை போனாப் போகுது. அந்தச் சீட்டு எங்க?

— குப்பையோட போயிருக்கும். விடு.

— அக்கா.

— கிழிச்சேன். நான்தான் கிழிச்சேன். போதுமா?

— படிக்காமயா?

— படிச்சேன்டி. படிச்சுட்டு டேப்பப் பாத்தேன். பச்சை. ஊசி போட்டுட்டு சீட்ட எடுக்க நீ மறந்துட்டன்னு நினைச்சேன். உன் கிறுக்கல நம்புறதா, அவ்வளவு காசு போட்டு வாங்கின மெஷின நம்புறதா? அதுக்குள்ள அவங்க லிஃப்டுல வந்துட்டாங்க...

— ஒரு போன் பண்ணியிருக்கலாமே. ஒரே ஒரு போன். பஸ் ஸ்டாப்புலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

— பண்ணல. அதுதான் என் தப்பு. உன்ன மிரட்டி எழுத வாங்கிட்டா சரியாயிடும்னு பாத்தேன்... அந்தப் பேனாவ இங்க குடு.

— எதுக்கு?

— நானே எழுதறேன். சீட்ட கிழிச்சது நான்னு. இருபத்தாறு வருஷ சர்வீஸ், ஆகுறது ஆகட்டும். உன்ன மாட்டி விட்டுட்டு நான் எப்படி டூட்டி பாக்கறது?

— அக்கா, அது வந்து...

— இரு, குறுக்கப் பேசாத. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பச்சை, மத்தியானம் ஒண்ணு அம்பத்திரண்டுக்கே விழுந்திருக்கு. நான் டேப்பத் தொடவே இல்ல. மெஷின் கோளாறுன்னு எழுதிடறேன். அப்ப உன் மேல ஒண்ணும் வராது.

— வேண்டாம் அக்கா. கோளாறு இல்ல. குறிச்ச நேரத்துக்கு மேல பத்து நிமிஷம் தாண்டினா டேப்புல சிவப்பு விழும், மேல இருந்து உங்களுக்குப் போன் வரும், நீங்க எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிப்பீங்க... அதனால ஸ்கேனுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் பச்சைய அழுத்திட்டுப் போனேன். மூணு மாசமா எல்லா பெட்டுக்கும் அப்படித்தான். எது நிஜமாப் போட்டது, எது போடாததுன்னு சீட்டுலதான் எழுதி வெச்சுப்பேன்.