ஈர நெல்லும் மச்சானும்

தஞ்சாவூரில் பஸ் ஏறியதிலிருந்தே முன்சீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகனை வழியனுப்பிவிட்டு மனைவியோடு குத்தாலத்துக்குத் திரும்புகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. திடீரென்று மனைவி பக்கம் திரும்பினார்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடுறான் உங்கண்ணன். திங்கக்கெழம என் நெல்லத் திருப்பி அனுப்புறான்!”

“ஈரம் பத்தொம்பது சதவீதம் காட்டிச்சு. பதினேழுக்கு மேல வாங்கக் கூடாதுல்ல?”

“கொள்முதல் நிலையத்துல மெஷினு அவன் கையிலதானே இருக்கு? மச்சானுக்காக ரெண்டு கொறைச்சு எழுதினா ஆண்டவரு கோவிச்சுக்குவாரா?”

“அதுக்கு அண்ணன் என்ன சொல்லிச்சு?”

“‘காய வச்சுக் கொண்டாங்க மச்சான், மொத ஆளா வாங்கிக்கிறேன்’னான். இப்பப் பாரு, களத்துல காயப்போட்டது அப்படியே கெடக்கு. மழ கொட்டுச்சுன்னா அத்தனையும் மொளச்சிரும்.”

பாபநாசம் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. அந்த அம்மாளின் பையில் செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அண்ணன்தான். நம்ம களத்துல நெல்லக் குமிச்சு மூடிக்கிட்டிருக்காம். இன்னொரு படுதா எங்க இருக்குன்னு கேக்குது. நீங்களே பேசுங்க.”

“நான் பேச மாட்டேன்” என்றவர், அடுத்த மூச்சிலேயே சொன்னார்: “உர மூட்டைக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லு. நல்லா மூடச் சொல்லு. நாளைக்கும் பத்தொம்பது காட்டினா, மறுபடியும் திருப்பி அனுப்புற ஆளு அவன்!”