விருந்தாளி தூங்குகிறார், மணி அடிக்காதீர்கள்!

மூவண்ணப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து, முகத்தில் முழுநிலவை ஏந்தி வீற்றிருக்கும் தலைவர், ரோக்காலூனாவின் மேயர் லாம்பெர்தோ அவர்களே! நான்கு ஊர்களுக்கு ஒரே சாமியாராய் ஓடி ஓடித் தேய்ந்த பங்குத்தந்தை அவர்களே! ஹேசல் கொட்டைத் தோப்பிலிருந்து கைகழுவக்கூட நேரமின்றி வந்து நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கடல் கடந்து வந்திருக்கும் விருந்தினர்களே! தோப்புக்காரி ஒரீயெட்டாவின் வணக்கம்.

எங்கள் விதெர்போ மாகாணத்தை விருந்தினருக்கு அறிமுகப்படுத்தும்படி எனக்குக் கட்டளை. "நல்லதா நாலு வார்த்த பேசும்மா, வம்பு இழுக்காத" என்று மேயர் காலையிலேயே கெஞ்சினார். நல்லதையே பேசுகிறேன் மேயரே, வியர்வையைத் துடையுங்கள்.

விருந்தினர்களே! ரோமுக்கும் மூத்த கல்லறைகள் வேண்டுமா? உண்டு. கொதிக்கும் ஊற்று வேண்டுமா? உண்டு. போப்பாண்டவர் மாளிகை வேண்டுமா? அதுவும் உண்டு! புதிய போப்பைத் தேர்ந்தெடுக்காமல் கர்தினால்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தபோது, அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கூரையையும் பிரித்தெறிந்த வீரப் பரம்பரை எங்கள் பரம்பரை! கர்தினாலுக்கே அஞ்சாத அந்தக் குலத்தின் கொழுந்து யார்? இதோ, விருந்தாளியின் கொட்டாவிக்கு அஞ்சும் எங்கள் லாம்பெர்தோ!

அங்கே யார் சிரிப்பது? நீங்களும்தானே அன்று மணியை நிறுத்தக் கை தூக்கினீர்கள்?

சுற்றுலாக் குழு கூடியது. விருந்தினரின் உறக்கம் உயிரினும் உயர்ந்தது என்று உணர்ந்தது. கோவில் மணிக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. கோபுரச் சாவி மேயரின் கோட்டுப் பைக்குள் குடியேறியது. சேவல்களின் விவகாரம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஆகா, என்ன அக்கறை! என்ன ஆட்சி!

மொழிபெயர்க்கும் தம்பி, ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்.

இந்த ஊரில் ஒருவர் இறந்தால் பெரிய மணி மெல்ல மெல்ல அடிக்கும். கேட்டவர் கேட்ட இடத்தில் வேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போவார். துக்க வீட்டார் யாரையும் கூப்பிடப் போகமாட்டார்கள். கூப்பிடுவது மணியின் வேலை. அவர்கள் கதவைத் திறந்துவைத்து, நாற்காலிகளைச் சுவரோரம் போட்டுக் காத்திருப்பார்கள்.

எண்ணெய்ச் செக்குக்கு அப்பால் தனியாக நிற்கும் வீடு எவாரிஸ்தோ அண்ணனுடையது. கொட்டை பொறுக்கும் காலம்; ஊரே தோப்பில். போன வாரம் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் மனைவி ஜில்தா கண்ணை மூடினாள். மணியடிக்கும் கோவில்காரர் சாவிக்காக மேயரிடம் ஓடினார். நம் தலைவர் திருவாய் மலர்ந்தார்: "இப்பவா? விருந்தாளிங்க தூங்குற நேரம்யா. சாவுச் சுவரொட்டி அடிக்கச் சொல்றேன், நாளைக்கு ஒட்டிக்கலாம்."

எவ்வளவு நாகரிகம்! சாவும் நேரம் பார்த்து வரவேண்டுமாம்!

மறுநாள் காலை அந்த வழியே போனேன். கதவு திறந்திருந்தது. சுவரோரம் காலி நாற்காலிகள். நடுவில் ஜில்தா. பக்கத்தில் சவரம்கூடச் செய்யாத அண்ணன். என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒரீயெட்டா, இந்த ஊருக்கு நாங்க என்னம்மா கெடுதல் பண்ணினோம்?"

வெட்கத்தில் செத்தேன்.

சுவரொட்டி ஒட்டுவதற்குள் அடக்கமும் முடிந்தது. அதோ, பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் பெட்டியோடு நிற்கிறார். டூரினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், திரும்பி வராமல்.

விருந்தினர்களே, ஒன்று கேட்கிறேன். மணியை நிறுத்தச் சொன்னது உங்களில் யார்? கை தூக்குங்கள். யாருமில்லையா? முன்வரிசையில் அந்த ஸ்வீடன் நாட்டு அம்மா ஏதோ கேட்கிறாரே, தம்பி, என்னவாம்?

"மணிக்கூண்டு ஏன் ஊமையா இருக்கு, பழுதான்னு கேக்குறாங்க."

கேட்டீர்களா! ஒருவரும் கேட்காத வரத்தை ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறோம்! கேட்காதவர்களின் தூக்கத்துக்காக, கேட்டிருக்க வேண்டிய நம் காதுகளை அடைத்திருக்கிறோம்! இதற்கு எந்தக் கூரையைப் பிரிப்பது?

மேயரே, சாவி!

"அது ஆபீசுல இருக்கும்மா..."

அப்படியென்றால் கோட்டுப் பையைக் கிழிக்கிற மாதிரித் தொங்குவது என்ன, ரொட்டியா? ...நன்றி. கோவில்காரரே, பிடியுங்கள். ஜில்தாவுக்காக அடியுங்கள், மெல்ல மெல்ல.

எவாரிஸ்தோ அண்ணே! எங்க போறீங்க?

"பஸ் வந்துடுச்சும்மா. விடு."

பஸ் போகட்டும் அண்ணே. மணி அடிக்குது, கேக்குதா? மணி அடிச்சா வீட்டுக்காரர் வீட்டுல இருக்கணும். ஊர் வருது. பெட்டியத் தூக்கிட்டுப் போய்க் கதவத் திறங்க!

விருந்தினர்களே, மாகாணத்தை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். இனி நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. எங்களோடு நடந்து வாருங்கள். பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், சாவி தந்த தலைவருக்கும் நன்றி. அந்த வீட்டில் நாற்காலி போதாது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்!