பேச்சிராஜாவைக் கொன்றது நான்தான்

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு மெயில் அனுப்பினால் மக்கள் திறந்து பார்க்கிறார்கள். திங்கட்கிழமை பிரயோஜனமில்லை, ஆபீஸ் மெயிலோடு மெயிலாக அதுவும் அழிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மீன் வாங்கப் போயிருப்பார்கள். வெள்ளி எட்டு பத்துக்கோ, முலுண்டில் ரயில் ஏறியவர் குர்லாவை நெருங்கிக்கொண்டிருப்பார். கட்டைவிரலைத் தவிர வேறு எதையும் அசைக்க அவருக்கு இடமிருக்காது. நீங்களும் இதை அப்படித்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் சுடலைக்கண்ணன். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மூன்று வருடங்களாகப் பாடகர் பேச்சிராஜாவின் பெயரில் வெள்ளிதோறும் உங்களுக்கு வந்த கடிதங்களை எழுதியவன் நான். போன வெள்ளிக்கிழமை, அவன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எழுதியதும் நான்தான். ஏன் எழுதினேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டு முடித்தபின் நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று தோன்றும்.

பேச்சிராஜாவும் நானும் தாராவியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு, தோல்பை தைக்கிற கார்கானாவுக்குப் போனான். நான் பி.காம். முடித்து ஐரோலியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மெத்தை விற்பவர், மூக்குக் கண்ணாடி விற்பவர், முடி வளர எண்ணெய் விற்பவர், இவர்கள் சார்பில் லட்சக்கணக்கான பேருக்கு மெயில் அனுப்புவதுதான் எங்கள் தொழில். நீங்கள் திறக்காமலே அழித்தவற்றில் பாதி என் கைவண்ணம்.

அவன் மெஷினை மிதிக்கும் தாளத்துக்கு மனசுக்குள்ளேயே பாட்டுக் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை கார்கானாவில் சத்தம் ஓய்ந்திருக்கும்போது போனில் பாடிப் பதிந்து இணையத்தில் போடுவான். ஒருநாள் என்னிடம் வந்து, "ஏல, யாரு கேக்கா, எங்க கேக்கான்னே தெரிய மாட்டுக்கு" என்றான். இணையத்தில் கேட்பவர்கள் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் மாதிரி, வண்டி வந்தால் ஏறிப் போய்விடுவார்கள், முகவரி வாங்கி வைத்தால்தான் திரும்பக் கூப்பிட முடியும் என்று நான் விளக்கினேன். அந்த வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் பாடினான். நான் நோட்டும் பேனாவுமாகக் கூட்டத்தில் நுழைந்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் மெயில் முகவரி எழுதிக் கொடுத்தீர்கள். மூன்று பேர் ஜாதகத்தையும் கொடுத்தீர்கள், அது வேறு விஷயம்.

முதல் கடிதத்தை அவனையே சொல்லச் சொன்னேன். "புதுப் பாட்டு வந்துருக்கு. கேளுங்க" என்றான். வேறு ஏதாவது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவ்வளவுதாம்ல" என்றான். பேச்சிராஜா என்று யார் பெயர் வைத்தார்களோ, அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்த மெயிலை முன்னூற்றுப் பன்னிரண்டில் நாற்பது பேர் திறந்தீர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே அவன் சார்பில் கொஞ்சம் எழுதினேன். கார்கானாத் தகரக் கூரைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகம் வருகிறது, ஒரு கால் நொண்டி, அதற்கு ராஜகுமார் என்று பெயர் வைத்திருக்கிறேன், எனக்கு முன்னால் அது சாப்பிட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. இவ்வளவுதான். அப்படியொரு காகம் கிடையாது. ஆனால் தாராவியில் தேடினால் ஒரு நொண்டிக் காகமாவது கிடைக்காதா? அந்த அளவுக்கு அது உண்மை.

அன்றைக்குப் பதில்கள் வரத் தொடங்கின. முலுண்டிலிருந்து மீனாட்சியம்மாள், பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது, ஆகையால் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். தேவ்நாரிலிருந்து அஸ்ரின் என்ற பெண், சிநேகிதி அனுப்பிவைத்த கடிதத்தைப் படித்துவிட்டு, ராஜகுமாருக்கு மழைக்காலத்தில் என்ன வழி என்று கேட்டிருந்தாள். அதுவரை ஐந்து வருடமாக லட்சம் லட்சமாக மெயில் அனுப்பியவன் நான். எனக்கு ஒருவர் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. கணக்கைப் பார்த்தேன். கடிதத்தைத் திறந்தவர்கள் இருநூறு, அதிலிருந்த லிங்க்கை அமுக்கிப் பாட்டுக்குப் போனவர்கள் ஒன்பது. அந்த ஒன்பது பேரும் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் என்பதைக் கவனித்தேன். பந்தியில் உட்கார்ந்தவரை ரசம் வருமுன் எழுப்பிவிடலாமா? லிங்க்கை மேலேயிருந்து எடுத்துக் கீழே போட்டேன். அப்புறம் எழுத்தைச் சின்னதாக்கினேன். அப்புறம் சாம்பல் நிறமாக்கினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒரு தீபாவளிக்கு, பண்டிகை நாளில் எதற்கு என்று அதை அறவே விட்டேன். யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் போடவில்லை.

பேச்சிராஜாவுக்கு மெயில் கிடையாது. இருந்தது, பாஸ்வேர்டை மறந்துவிட்டான். வாரா வாரம், "எத்தன பேருல?" என்று மட்டும் கேட்பான். இருநூற்று நாற்பது என்பேன், இருநூற்றெண்பது என்பேன். அது கடிதத்தைத் திறந்தவர்கள் எண்ணிக்கை. பாட்டைக் கேட்டவர்கள் என்று அவன் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? பாட்டுப் பக்கத்தில் நாற்பது என்றுதானே காட்டுகிறது என்று ஒருமுறை சந்தேகப்பட்டான். அது லேட்டாகத்தான் ஏறும் என்றேன். சிநேகிதன் சொன்னால் நம்புகிற ஜாதி அவன்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போன மாதம் அவன் செம்பூரில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்துவிட்டு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. அன்று அவன் நாலு வார்த்தைக்கு மேல் பேசினான். "எல்லாரையும் வரச் சொல்லி எழுதுல. எம் பாட்டு தெரிஞ்ச ஆளுவ முன்னால ஒரு தடவையாது நின்னு பாடணும். ஆளு வரலன்னா இதோட விட்டுருவேன், முத்துமாரிட்ட சொல்லிட்டேன்." முத்துமாரி அவன் மனைவி.

நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. நீங்கள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் தேடி வருவது நொண்டிக் காகத்துக்குச் சோறு வைப்பவனை, மழையைப் பற்றி ஒரு பக்கம் பேசுபவனை. மேடையில் நிற்பவனோ வணக்கம் சொல்லக்கூடக் கூச்சப்படுவான். உங்கள் மனசு உடையும். அவன் மனசும் உடையும். மூன்று வருட உழைப்பு ஒரே சாயங்காலத்தில் பாழாகும். யார் உழைப்பு என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எழுதாமல் இருந்துவிடலாம் என்றால், அவன் கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, அதைப் பார்த்து வந்துவிடுவீர்கள். செத்தவன் கச்சேரிக்கு யாரும் வரமாட்டார்கள். வெள்ளி எட்டு பத்துக்கு அனுப்பினேன். தூக்கத்திலேயே, யாரையும் எழுப்பாமல் போனான் என்று எழுதினேன், அவன் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். அடக்கம் முடிந்துவிட்டது என்றும் ஒரு வரி சேர்த்தேன், யாரும் கிளம்பி வந்துவிடக் கூடாதே என்று. ராஜகுமார் இரண்டு நாளாகக் கூரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று முடித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் திறந்தீர்கள். மெத்தைக் கம்பெனிக்கு வாழ்நாளில் அப்படி ஒரு எண் வந்ததில்லை. நூற்று எழுபது பதில்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஐரோலி ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன், நல்ல மனுஷன் ஒருவன் போய்விட்டானே என்று.

அன்று சாயங்காலம் பேச்சிராஜா கேட்டான். தொண்ணூற்று நாலு சதவீதம் என்றேன். அது பொய்யில்லை. அவன் சந்தோஷத்தில் புதுச் சட்டை எடுத்தான்.

எட்டு வருடம் ஐரோலியில் வேலை பார்த்ததில் இரண்டு விஷயங்களை மறந்துபோனேன். ஒன்று, நம் ஆட்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவார்கள், துஷ்டிக்கு வராமல் இருக்கமாட்டார்கள். அடக்கம் முடிந்தால் என்ன, துக்கம் கேட்க வேண்டாமா? இரண்டு, மொத்தமாக மெயில் அனுப்புகிறவர் கடிதத்தின் அடியில் தபால் முகவரி போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் விதி. மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பேச்சிராஜாவின் வீட்டு முகவரி இருந்தது. லிங்க்கை எடுத்த நான் அதை எடுக்கவில்லை.

ஞாயிறு காலை நான் அவன் வீட்டில்தான் இருந்தேன். ஹாலில் ஆள் குறைவாக இருந்தாலும் மனசை விட்டுவிடாதே என்று பக்குவமாகச் சொல்லிவைக்கப் போனேன். பத்து மணிக்கு வெளியே பேச்சுச் சத்தம். முத்துமாரி கதவைத் திறந்தாள். இரண்டு பேர் ஒதுங்க இடமில்லாத சந்தில் அறுபது பேர், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் மாலையோடு. வராதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முன்னால் நின்ற மீனாட்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். முத்துமாரி ஒன்றும் புரியாமல், "யாருக்கும்மா மாலை? அவிய உள்ள தோசை தின்னுக்கிட்டுல்லா இருக்காவ" என்றாள்.

பேச்சிராஜா சட்டினிக் கையோடு வெளியே வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். மீனாட்சியம்மாள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, எது முதலில் வாயில் வருகிறதோ அதைச் சொன்னார். "ராஜகுமாருக்குத் தயிர்சாதம் கொண்டுவந்தேன்."

"யாரு ராஜகுமாரு?" என்றான் பேச்சிராஜா.

அறுபது பேரும் தங்கள் போனைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஒருவர் போனை நீட்ட, தன் சாவை அவன் எழுத்துக்கூட்டி, நிதானமாக, கடைசி வரி வரை படித்தான். நன்றாக எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பான், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது அஸ்ரின்தான் கேட்டாள், "அண்ணா, நீங்க பாடுவீங்கன்னு போட்டிருந்துச்சு. எப்படிப் பாடுவீங்க?" மூன்று வருடம் வெள்ளிதோறும் கடிதம் படித்த பெண் கேட்கிற கேள்வி அது. அவன் முகம் அப்போதுதான் மாறியது. நான் செருப்பைத் தேடினேன். அறுபது ஜோடிக்குள் என்னுடையது கிடைக்கவில்லை.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து படியில் நின்றபடி, 'நாலாவது சீட்டு' என்கிற பாட்டைப் பாடினான். மூன்று பேர் உட்காரும் ரயில் பலகையில் நாலாவதாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு காற்றில் தொங்க, கல்யாண் முதல் தாதர் வரை போகிறவனின் பாட்டு. சந்து முழுக்கச் சிரித்தது. அப்புறம் கடைசி அடியில், இடம் கிடைத்தும் உட்காரத் தெரியாமல் அவன் ஓரத்திலேயே இருக்கிறான் என்று வரும்போது யாரும் சிரிக்கவில்லை. மீனாட்சியம்மாள் அழுதார். என் கடிதத்துக்கு அழுததைவிட அதிகமாகவா என்று உன்னிப்பாகக் கவனித்தேன். அதிகமாகத்தான். பொறாமை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கவில்லை.

மாலைகளை அவனுக்கே போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். துஷ்டி மாலையை உயிரோடு இருப்பவருக்குப் போடக் கூடாது என்று முத்துமாரி தடுத்தாள். பிறகு உள்ளே திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். உங்களுக்குத் தெரியும். அன்று அறுபது பேரும் பேச்சிராஜாவிடம், சாயங்காலம் கச்சேரிக்கு வருகிறோம், வருகிறோம் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனீர்கள். வழியில் நின்ற என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

செம்பூர் ஹாலில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. வரச் சொல்லி எனக்கு யாரும் மெயில் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை பேச்சிராஜா வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், டீ குடித்தான். "நீயே எழுதுல. செஞ்சத உள்ளபடி எழுதி அனுப்பு. அடியில எம் பாட்டப் போடு. அதோட மெயில் பாஸ்வேர்ட முத்துமாரிட்ட குடுத்துரு" என்றான். சரி என்றேன். அதன்படிதான் இதை எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு என்ன தலைப்பு வைப்பது என்பதில் சின்னக் குழப்பம் இருந்தது. நேற்று ஐம்பது பேருக்கு மட்டும் முன்னதாக அனுப்பிப் பார்த்தேன். 'ஒரு மன்னிப்பு' என்ற தலைப்பில் இருபத்தைந்து பேருக்கு அனுப்பினேன், ஆறு பேர் திறந்தார்கள். 'பேச்சிராஜாவைக் கொன்றது நான்தான்' என்று மீதி இருபத்தைந்து பேருக்கு அனுப்பினேன், இருபத்துமூன்று பேர் திறந்தார்கள். அதனால்தான் உங்களுக்கு இந்தத் தலைப்பு. அடியில் முகவரி வேண்டும் என்பதால் இந்த முறை என் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அவன் சொன்னபடி 'நாலாவது சீட்டு' பாட்டின் லிங்க்கையும் இங்கே போட்டிருந்தேன். அனுப்பும் முன் ஒரு தடவை முழுதாகப் படித்துப் பார்த்தேன். கடிதம் இவ்வளவு நன்றாக வந்திருக்கும்போது, முடிகிற இடத்தில் அந்த நீல எழுத்து உறுத்தியது. எடுத்துவிட்டேன்.