இருபத்தேழாம் வரிசை, ஜன்னல் ஓரம்

"அக்கா, எனக்கு வேற சீட்டு வேணும்."

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் மீரிமை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டாள். அதுவும் சத்தமாக.

நேரம், இரவு இரண்டே கால். இடம்... இடம் என்று எதைச் சொல்வது? மாஸ்கோவிலிருந்து நம் ஓஷ் நகரத்துக்கு வரும் வானப் பாதை. கீழே கசாக் புல்வெளி. ஒரு ஊர் கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. மேலே நம் நாட்டுக் கம்பெனிக்கு மிஞ்சியிருந்த ஒரே விமானம். அதுவும் வசந்தம் தாண்டாது என்று அதில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும்.

இது என் அறைத்தோழியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. நெருங்கி உட்காருங்கள். நம்பாதவர்கள் கதவுப் பக்கம் போகலாம், அங்கேதான் காற்று வருகிறது.

மீரிம் மாஸ்கோவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம். அவள் அப்பா தொக்தோசுனும் அதே நகரத்தில்தான் இருந்தார். ஆரஞ்சு மேலுடுப்பு மாட்டிக்கொண்டு பனி அள்ளினார். விடியும் முன் நடைபாதை, விடிந்த பின் கூரை. மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வருவார். விடுதிக்கு இல்லை. விடுதியிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே. இடத்தைக் குறித்தது அவள்தான். "வாசல் வரைக்கும் எதுக்குப்பா அலையறீங்க" என்று அக்கறைபோலச் சொன்னாள். அவரும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டார். அல்லது எடுத்துக்கொண்டதுபோல் காட்டினார். விடுதியில் அவள் சொல்லி வைத்திருந்தது வேறு. அப்பா பாலம் கட்டும் இன்ஜினியர்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சபர் வந்தார். அப்பாவோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கூரையில் ஏறுகிறவர். நேராக விடுதி வாசலுக்கே வந்து நின்றார்.

"அம்மாவுக்கு மேலுக்கு முடியலையாம். ராத்திரி விமானத்துல டிக்கெட் போட்டாச்சு. கெளம்பு பிள்ளே."

"அப்பா எங்க, சித்தப்பா? அவர் வரலையா?"

"வருவாரு." சபர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "இருபத்தேழாவது வரிசை, ஜன்னல் ஓரம். குடுத்த எடத்துல உக்காரு. சீட்டை மாத்துன்னு மட்டும் கேக்காதே. என்ன ஆனாலும் சரி, ஓஷ்ல எறங்குற வரைக்கும் அந்த எடத்தை விட்டு எந்திரிக்காதே."

"அதென்ன அப்படி?"

"சொன்னாக் கேளேன்! எனக்குக் காகிதம் சரியில்ல, போனாப் பிடிச்சுப்பான். இல்லேன்னா நானே உக்காந்து வந்திருப்பேன்."

அவர் கண் சிவந்திருந்தது. குளிர் என்று நினைத்தாள். விடுதி ஜன்னலில் யாராவது நின்று பார்க்கிறார்களா என்பதில்தான் அவளுக்குக் கவனம். அப்பாவின் போன் அணைந்திருந்தது. கூரை வேலையில் அணைத்துத்தான் வைப்பார்.

விமான நிலைய வரிசையில் அல்மிரா நின்றாள். அதே வகுப்பு. அவள் அப்பா ஓஷில் பெரிய அதிகாரி. சுற்றிலும் ஊர் திரும்பும் கூலியாட்கள், பிளாஸ்டிக் சுற்றிய மூட்டைகள், கம்பளிகள், ஒருவர் தலையில் ஒரு குளியல் தொட்டிகூட.

"ஆரஞ்சுக் கூட்டத்தோட வந்து மாட்டிக்கிட்டோம் பாரு" என்றாள் அல்மிரா. "உப்பு வாடை குடலைப் புரட்டுது."

பனி உருக மாஸ்கோ தெருக்களில் கொட்டும் உப்பு. அது துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. மீரிம் சிரித்தாள். அவள் தன் தோள் துண்டை ஒருமுறை முகர்ந்து பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே ஏறினால் இருக்கைகளுக்கெல்லாம் பிளாஸ்திரி. முன்வகுப்புத் திரையை ஊக்கு போட்டுப் பிடித்திருந்தார்கள். "தங்கச்சி, இந்த சீட்டு சாயாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"சீட்டு சாயாது அண்ணே. விமானம் சாயும்" என்றாள் பணிப்பெண் ரோசா. "சாயறப்ப உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோசா சிரித்துக்கொண்டே நடந்து வந்தவள், இருபத்தேழாம் வரிசையில் மீரிமைப் பார்த்ததும் நிறுத்தினாள். அந்தப் பக்கம் வரிசைக்கு இரண்டே இருக்கை. மீரிமுக்குப் பக்கத்து இருக்கையில் ரோசா ஒரு போர்வையை மடித்து வைத்தாள். பெல்ட்டைக் கோத்துவிட்டாள். காலி இருக்கைக்கு.

"யாராவது வராங்களா?"

"நீ உக்காரும்மா" என்றாள் ரோசா. அவள் குரல் அப்படித் தாழ்ந்தது மீரிமுக்குப் பிடிக்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள். முதலில் வந்தது சத்தம். காலுக்குக் கீழே, தரைக்கு அடியில்... சரக்... சரக்... இரும்புப் பனிவாரி உறைபனியைச் சுரண்டுகிற சத்தம். மாஸ்கோவில் ஐந்து வருடம் அந்தச் சத்தத்துக்குத்தான் தினமும் கண் விழித்தாள். பழைய விமானம், ஏதோ கழன்றிருக்கும் என்று கண்ணை மூடினாள்.

சரக்... சரக்...

நின்றது.

அப்புறம் வாடை. உப்பு, ஈரக் கம்பளி, துருப்பிடித்த இரும்பு.

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு மேலுடுப்பு. தலைமூடி மூக்கு வரை இறங்கியிருந்தது. தோளில் ஒரு கைப்பிடி பனி. விமானத்துக்குள் வெக்கை. ஆனாலும் அந்தப் பனி... உருகவில்லை.

முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்த உடுப்பைப் பார்த்த பிறகு முகம் தேவைப்படவில்லை.

"வந்துட்டோமாம்மா?" என்றார். கரகரத்த, தண்ணீர் கட்டிய தொண்டை.

அவள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஆணியில ரொட்டி இன்னும் தொங்குதா?"

நம் பக்கத்தில் எந்த வீட்டில் தொங்கவில்லை? ஊரை விட்டுப் போகிறவர் வாசலில் நின்று ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார். மீதி ஆணியில் தொங்கும். திரும்பி வந்து அவரே தின்று முடிக்க வேண்டும். எந்தக் கூலியாள் வேண்டுமானாலும் இதைக் கேட்கலாம் என்று நினைத்தாள். ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். அப்போது நான்கு வரிசை முன்னாலிருந்து அல்மிரா திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திக் காட்டினாள்.

மீரிம் மணியை அழுத்தினாள். டிங்.

"அக்கா, எனக்கு வேற சீட்டு வேணும்."

ரோசா காலி இருக்கையைப் பார்த்தாள். மீரிமைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோ தங்கச்சி. இன்னும் ரெண்டு மணி நேரம்தான். உக்காந்திரு, புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் பொறுக்கணும்? இந்த வாடையில மனுஷி உக்காருவாளா? இவங்களையெல்லாம் குளிக்கச் சொல்லி ஏத்த மாட்டீங்களா? இல்ல, நாங்கதான் இவங்களோட இப்படியே சாகணுமா?"

தூங்கியவர்கள் விழித்தார்கள். ஆரஞ்சு உடுப்பை மடியில் சுருட்டி வைத்திருந்த நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இங்க வா மீரிம், எம்பக்கத்துல காலிதான்!" என்றாள் அல்மிரா.

அவள் எழுந்தாள். வெளியே வர அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் சட்டென்று முழங்காலை உள்ளே இழுத்து, உடம்பை ஒடுக்கி வழிவிட்டார். பனி அள்ளுகிறவர்கள் தெருவில் யார் வந்தாலும் பனிவாரியோடு சுவரில் ஒட்டி நின்று வழிவிடுவார்களே, அப்படி. அவள் முழங்கால் அவர் முழங்காலில் பட்டது. ஐஸ்.

"பாத்துப் போம்மா" என்றார்.

மீரிம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அல்மிரா கேட்டாள், "என்னடி, தனியா யாரோட சண்டை போட்ட?"

ஓஷில் விடிந்துகொண்டிருந்தது. சரக்கு வாசலுக்கு எதிரே வெள்ளைத் தொப்பி போட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள், இடுப்பில் கச்சை கட்டி. சாவு வீட்டுக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். யாருக்கோ என்று அவள் கடந்து போகப் பார்த்தாள். வரிசையில் அவள் பெரியப்பா நின்றார். மாமா நின்றார். மொத்த வரிசையும் அவளைப் பார்த்து ஒரே குரலில் ஓலமிட்டது.

"என் ஈரக்குலையே... ஐயோ!"

நம்மில், தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவுச் செய்தியை வழியில் சொல்வதில்லை. சொந்த மண்ணில், சொந்தங்கள் சுற்றி நிற்கத்தான் சொல்ல வேண்டும். செத்தவரை ராத்திரி தனியாக விடுவதும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து அந்த விமானத்து ஆட்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். அடியில் சவப்பெட்டி. அதற்கு நேர் மேலே சொந்தத்தில் ஒருவர். பக்கத்து இருக்கை காலி. அது யாருக்கு என்று எந்தப் பணிப்பெண்ணும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொக்தோசுன் ஆறாம் மாடிக் கூரையிலிருந்து, பனியோடு பனியாக, விழுந்திருந்தார்.

குளிப்பாட்டினார்கள், புதைத்தார்கள். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தாள் என்று ஊர் மெச்சியது. வந்தவர்களெல்லாம் அவள் தலையைத் தடவினார்கள். ஒவ்வொரு கைக்கும் அவள் உடம்பு கூசியது. அன்று ராத்திரி ஆணியிலிருந்த ரொட்டியை எடுத்துப் பறவைக்குப் போடச் சொன்னார்கள். அம்மா சோனுன் விடவில்லை.

"பெட்டிதான் வந்திருக்கு" என்றாள். "அவரு இன்னும் வரல."

மீரிம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் சடங்கு. ஓஷில் பாதாமி மரங்கள் பூத்துவிட்டன, தெருவில் பனி என்ற பேச்சே இல்லை. முற்றத்தில் கொப்பரையில் மாவு பொரிந்துகொண்டிருந்தது. அப்போது வாசலில் ரோசா வந்து நின்றாள். வேலை உடுப்பில், தலைக்கு மட்டும் துண்டு.

"சாப்பிட வரல தங்கச்சி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"அந்த ஜன்னல் சீட்டுல யாரை உக்கார வச்சாலும் மணி அடிக்கிறாங்க. பக்கத்துல ஒரு கிழவர் இருக்காராம். 'இங்க இருந்த பொண்ணு எழுந்து போச்சு, திரும்பி வருமா'ன்னு கேக்குறாராம். போற வழி, வர்ற வழி... நாப்பது நாளா. ஓஷ்ல கதவைத் திறந்தா எல்லாரும் எறங்குறாங்க. அந்த வரிசையில மட்டும் தரை ஈரமா இருக்கு. தொட்டு நாக்குல வச்சா உப்பு."

ரோசா குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்கு ராத்திரி மாஸ்கோ. விடிஞ்சா இங்க. அதோட கம்பெனிக்குக் கதவு சாத்தறாங்க. விமானத்தை வெட்டி இரும்புக்குப் போடப் போறாங்க. அப்புறம் அவரு எதுல உக்காந்து கேப்பாரு?" ரோசா கண்ணைத் துடைத்தாள். "அந்த ரெண்டு சீட்டையும் நான் யாருக்கும் குடுக்கல."

மீரிம் உள்ளே போனாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அவரோட வரல. எழுந்து போயிட்டேன். வாடை அடிக்குதுன்னு, எல்லாரும் கேக்கக் கத்தி, சீட்டு மாத்திக்கிட்டேன்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"அவருன்னு உனக்குத் தெரியாது" என்றாள் சோனுன், மெதுவாக.

"தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தா உக்காந்திருப்பேனான்னு நாப்பது நாளாக் கேட்டுப் பாக்குறேன். அல்மிரா பாத்துக்கிட்டே இருந்தாம்மா. உக்காந்திருப்பேன்னு என்னால சொல்ல முடியல."

அம்மா அடிக்கவில்லை. திட்டவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரொட்டியை எடுத்துக்கோ" என்றாள் கடைசியில். "பசியா இருப்பாரு. தூங்குனா எழுப்பாதே. பக்கத்துல உக்காரு, போதும்."

மீரிம் எட்டி ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்தாள். நான்கு வருடம் காய்ந்த ரொட்டி. விரல் சுண்டி இழுத்தது, அத்தனை குளிர். அப்பா கடித்த பள்ளத்தில் ஒரு சிட்டிகை பனி இருந்தது. அடுப்படி வெக்கையில், உருகாமல்.

அதைத் துண்டில் முடிந்துகொண்டாள். விடுதிக்கு எழுதவில்லை, பெரியப்பாவிடம் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி முற்றத்தைக் கடந்து வெளியே வந்தாள்.

தெரு இருட்டு. பாதாமிப் பூ வாசம். விமான நிலையத்துப் பக்கமிருந்து, பனியே இல்லாத அந்தத் தெருவில், யாரோ அவளுக்கு முன்னால் வழி செய்துகொண்டே போவதுபோல்...

சரக்... சரக்...

அவள் அந்தச் சத்தத்தின் பின்னால் நடந்தாள்.