தகுதியானவர் இல்லை என்று சொன்னவர்களுக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளே, தருவைகுளத்துக் கடல் தொழிலாளர்களே, காயல்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு வார்டில் நின்று பழகிய செவிலியர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சண்முகசுந்தரி. டாக்டர் பெனிஷா மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றிய அரசு மருத்துவமனையில் நான் செவிலியர் கண்காணிப்பாளர். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தன்னம்பிக்கையின் சிகரம் என்றார்கள். சாதனைப் பெண்மணி என்றார்கள். ஊனத்தை வென்றவர் என்றார்கள். ஐயா, டாக்டர் பெனிஷா எந்த ஊனத்தோடும் சண்டை போட்டதில்லை. அந்தக் காலும் அவரும் சின்ன வயதிலேயே சமாதானம் ஆகிவிட்டார்கள். அதிகாரிகளே, அவர் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது உங்களோடு! நாற்பது வயதைக்கூடத் தொடாமல் புற்றுநோயில் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசும்போதாவது உண்மையைப் பேச வேண்டாமா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் பெனிஷா, தருவைகுளத்தில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் ஜேசுபாதம் அண்ணாச்சியின் மகள். அண்ணாச்சி இதோ முன்வரிசையில் இருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் பெனிஷாவின் இடது கால் சூம்பிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தார். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் ஆளாக வந்தார். மருத்துவப் படிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்று ஓர் ஆசிரியை சொன்னதை நம்பி அப்பாவும் மகளும் கிளம்பினார்கள்.

ஒதுக்கீடு இருந்தது. ஆனால் அதற்கு ஓர் அளவும் இருந்தது. குறை கொஞ்சமாக இருந்தால் ஒதுக்கீடு கிடையாது. குறை அதிகமாக இருந்தால் படிப்பே கிடையாது! இங்கே மாவட்டத்தில் ஒரு மருத்துவக் குழு காலை அளந்து, "குறை போதாது" என்றது. மேல்முறையீடு செய்தார்கள். சென்னையில் இன்னொரு குழு அதே காலை அளந்து, "குறை அதிகம், மருத்துவம் படிக்க லாயக்கில்லை" என்றது. அண்ணாச்சி கை கட்டி நின்று கேட்டாராம்:

"ஐயா, ஊர்ல அளந்ததும் இதே காலுதான். இங்கன அளக்கதும் இதே காலுதான். ரயில்ல வாரதுக்குள்ள எம் மவ காலு மெலிஞ்சா போச்சு?"

அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தார்கள்! ஒரு பெண்ணின் படிப்பு போகிறது, அப்பா கை கட்டிக் கேட்கிறார், இவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு நீதிமன்றம், மறு அளவீடு, வீணான ஓர் ஆண்டு. கடைசியில் சேர்ந்தார். தனக்குப் பின்னால் பள்ளி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலாம் ஆண்டு படித்தார்.

அப்படி லாயக்கில்லாதவர் என்ன செய்தார் தெரியுமா? இருபத்து மூன்றாம் வருட டிசம்பர் வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யார் மறப்பார்? எங்கள் தரைத்தள வார்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது. பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தை காலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறு மருத்துவமனைக்கு அனுப்பப் பாதை இல்லை. மீனவர்கள் தெருவில் படகு விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி வந்த ஒரு படகில்தான் டாக்டர் பெனிஷாவும் வந்து இறங்கினார். இறங்கியதும் காலில் மாட்டியிருந்த இரும்புக் கேலிப்பரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"சுந்தரிக்கா, இதை மேல வைங்க, துரு பிடிச்சிரும். எனக்கு ஒரு ஸ்டூல் மட்டும் போடுங்க. உக்காந்தே பாத்துக்கிடுதேன்."

உட்கார்ந்தே பார்த்தார். தண்ணீர் அவர் இடுப்பை நனைத்துக்கொண்டிருக்க, அந்தக் குழந்தையைப் பத்திரமாக வெளியே எடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். லாயக்கில்லை என்று எழுதிய கை அன்றைக்கு எந்த மாடியில் காய்ந்துகொண்டிருந்தது? நான் கேட்கிறேன்!

அன்பர்களே, தன் கதை தன்னோடு முடியட்டும் என்றுதான் அவர் நினைத்தார். முடியவிட்டார்களா? சவூதியில் வண்டி ஓட்டும் நவாஸின் மகள் ஆமிரா, காயல்பட்டினத்துப் பிள்ளை. அவளுக்குப் பிறவியிலேயே இடது கையில் இரண்டு விரல்தான். அரசுப் பள்ளி மாணவி. ஏழரை சதவீத ஒதுக்கீட்டுக்கும் உரியவள், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கும் உரியவள். நீட் தேர்வில் போதிய மதிப்பெண்ணும் எடுத்திருந்தாள். போன ஆண்டு கலந்தாய்வுக்கு அவளையும் அவள் தாய் பதுருன்னிஸாவையும் டாக்டர் பெனிஷாவே அழைத்துப்போனார். நானும் கூடப் போனேன். அதனால் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

மருத்துவக் குழுவில் இருந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ஆமிராவின் கையைப் பார்த்தார். தொடவில்லை. எதையும் செய்து காட்டச் சொல்லவில்லை. "ரெண்டு கையும் முழுசா இருக்கணும்மா. வேற ஏதாச்சும் டிகிரி படி. பாவம்" என்றார்.

பதுருன்னிஸா பதறிப்போனார். "ஐயா, எம் மவ இந்தக் கையால ஊசியில நூல் கோத்து எம்ப்ராய்டரி போடுதா. ஒரு தடவை செய்யச் சொல்லிப் பாருங்களேன்."

"அதெல்லாம் ரூல்ஸ்ல இல்லைம்மா. அடுத்த ஆள் வாங்க."

டாக்டர் பெனிஷா எழுந்தார். அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "பாவம்னு சொல்லாதீங்க சார். அவ சீட்டு கேட்டு வந்திருக்கா. உங்ககிட்ட இரக்கம் கேட்டு வரல. என்ன செய்ய முடியும்னு பாக்காம, என்ன இல்லைன்னு மட்டும் பாத்து எழுதுதீங்களே, இதுக்குப் பேரு பரிசோதனையா?"

அவரை வெளியே போகச் சொன்னார்கள். அன்று மாலையே அறிவிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிப் பிரிவில் தகுதியான விண்ணப்பதாரர் இல்லாததால் அந்த இடங்கள் மற்ற பிரிவுக்கு மாற்றப்படுகின்றனவாம்! தகுதியானவர் இல்லையா? வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் யார்? கதவைச் சாத்திவிட்டு, யாரும் வரவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மறுபடியும் நீதிமன்றம். விரலை எண்ணக் கூடாது, வேலை செய்ய முடிகிறதா என்று பாருங்கள் என்று உத்தரவு வந்தது. புதிய குழு ஆமிராவிடம் சிரிஞ்சைக் கொடுத்தது, பிடித்தாள். தையல் முடிச்சுப் போடச் சொன்னது; போட்டாள். தகுதி உண்டு என்றார்கள். ஆனால் அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. பிள்ளை மறுபடி நீட் எழுத வேண்டியதாயிற்று.

சரி, டாக்டர் பெனிஷாவுக்கு என்ன கிடைத்தது? மெமோ! அரசு ஊழியர், அனுமதியில்லாமல் கலந்தாய்வுக் கூடத்தில் குரல் உயர்த்தினாராம். அதற்கு விளக்கம் கேட்டார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை நீட்டியபடி, மறு கையால் அவர் பதில் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை என்றார்கள். அந்த நடவடிக்கை இன்றுவரை நிலுவையில் இருக்கிறது. மேடையில் இருக்கும் அதிகாரிகளே, உங்கள் மலர்வளையத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள்! முதலில் அந்த மெமோவை ரத்து செய்யுங்கள். அதன்பிறகு பூ கொண்டுவாருங்கள், நானே வாங்கி வைக்கிறேன்.

இந்த ஆண்டு ஆமிராவுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேதி வந்ததும் தாயும் மகளும் தருவைகுளத்துக்கு ஓடிவந்தார்கள். டாக்டர் பெனிஷா எழுந்து உட்கார முடியாத நிலையில் இருந்தார். ஆமிராவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, ரொம்ப சந்தோசம். நல்லாப் படி. ஆனா போன வருசத்தை உனக்கு எவன் திருப்பிக் கொடுப்பான்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "சுந்தரிக்கா, அன்னைக்கு நம்ம கூட அங்கன நின்ன மத்த பிள்ளையள் எல்லாம் எங்க போச்சு? நமக்குக் கோர்ட்டு தெரிஞ்சுது. அதுகளுக்கு யாரு இருக்கா?"

நான் தேடத் தொடங்கினேன். நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து செவிலியர் பட்டப்படிப்புக்கு வந்த முத்துச்செல்வி என்கிற பெண்ணை நினைவிருந்தது. விபத்தில் ஒரு பாதத்தின் முன்பகுதியை இழந்தவள். "நர்ஸ்னா நாள் முழுக்க நிக்கணும். உன்னால முடியாது" என்று அதே கூடத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவளைப் போன வாரம்தான் கண்டுபிடித்தேன். அதைப் போய்ச் சொல்ல டாக்டர் பெனிஷா இல்லை.

எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? இதே தூத்துக்குடியில், ஒரு ஜவுளிக்கடையில்! கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே சேலை விரிக்கிறாள்! நோயாளியின் பக்கத்தில் நிற்க லாயக்கில்லாத கால், சேலைக் கட்டின் பக்கத்தில் நிற்க மட்டும் லாயக்காகிவிட்டதா?

மறுபடி விண்ணப்பம் போடு என்றேன். "மறுபடி போனாலும் அதையேதானக்கா சொல்லுவாவ?" என்று கேட்டாள். சொல்லலாம். ஆனால் இந்தத் தடவை அவள் தனியாகக் கேட்கப் போவதில்லை.

செவிலியர் சங்கத்தில் பேசிவிட்டேன். ஒவ்வொரு கலந்தாய்வுக்கும், ஒவ்வொரு மருத்துவக் குழுவுக்கும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடு எங்களில் ஒருவர் போவார். ஆமிராவின் வழக்கை நடத்திய வழக்கறிஞர் வேல்ராஜ் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆமிராவும் வருவாள். மெமோ கொடுப்பீர்களா? கொடுங்கள், எல்லோருக்கும் சேர்த்து அச்சடித்து வையுங்கள்!

டாக்டர் பெனிஷா அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் எங்கள் பதில்: ஒரு பிள்ளையையும் இனி தொலைய விட மாட்டோம்.

முத்துச்செல்வி மறுபடி விண்ணப்பம் போட்டுவிட்டாள். வருகிற புதன்கிழமை மருத்துவக் குழு முன்னால் போகிறாள். கடையில் விடுப்புக் கேட்டிருக்கிறாள். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவாளாம். இங்கே இருக்கிற எல்லோரும் வாருங்கள். அந்தக் கூடத்தில் நமக்கெல்லாம் நாற்காலி இருக்காது. பரவாயில்லை, நிற்போம். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்போம். எப்படி நிற்பதென்று முத்துச்செல்வி நமக்குக் காட்டுவாள்!