கல்லெறிபவனின் முகம்

எங்கள் கோயிலை வெயில் ஏறிய பிறகுதான் பார்க்க வேண்டும், அய்யா. அப்போதுதான் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வாய் திறக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் அங்கே மணியடித்து மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளை. வருகிறவர்களுக்கு அவற்றை விளக்குவதும் நான்தான். சிவப்பு, வேதத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சிகளின் இரத்தம், நீலம் மோட்சம், பச்சை நம்பிக்கை. ஆளை அடையாளம் காணக் கையைப் பார்க்க வேண்டும். சாவி இருந்தால் பேதுரு, வாள் இருந்தால் பவுல்.

கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் ஜன்னல் புயலில் உடைந்தது. புதிதாகச் செய்ய வந்தவர் என் மருமகன். கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை. கோயிலுக்கு வரும் பங்கு மக்களின் முகங்களையே அதில் வரைந்தார். முதலில் முடித்த துண்டுகளில், எடை குறைத்து விற்கும் ரொட்டிக்கடைக்காரருக்கு இறக்கை முளைத்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் பட்டறைக்குப் போனேன். சூளையில் சுட்டெடுத்த கண்ணாடித் துண்டுகள் மேசையில் பரப்பிக் கிடந்தன. அவற்றில் ஒன்று என் முகம். அதை ஒட்டினாற்போல் கல்லை ஓங்கிய ஒரு கை.

"இது நானா மாப்பிள்ளை?"

"நீங்கதான் மாமா. உங்க மகதான் அப்பா முகத்தை வைக்கச் சொன்னா."

சின்ன வயதில் அவள் கை இரண்டு முறை ஒடிந்தது வாஸ்தவம். அடியாத மாடு படியாது என்பார்கள். நான் படிய வைத்தேன், அவ்வளவுதான். அதைப் புருஷனிடம் சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். இனி நூறு வருடம் ஊரே அண்ணாந்து பார்க்கும். அவமானத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"மாத்திடுங்க."

"சுட்டாச்சே மாமா. பொருத்தினதும் பாருங்க, உங்களுக்கே பிடிக்கும்."

சிரித்தபடி குனிந்தார். கைக்கெட்டும் தூரத்தில் சுத்தியல் இருந்தது. முதல் அடியில் மேசைமேல் விழுந்தார். கண்ணாடி கன்னத்தில் ஏறியது. "மாமா" என்றார், மரியாதையாகத்தான். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை இப்போது மூன்றாம் முறையாக ஒடிந்திருக்கிறது.

பிறகு ஸ்டேஷனில் வைத்து நீங்கள் அந்த ஜன்னலின் முழு வரைபடத்தைக் காட்டினீர்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் எண் போட்டு, அதே எண்ணைத் தாளிலும் எழுதுவது கண்ணாடி வேலைக்காரர்கள் வழக்கமாம். மேசையில் எது எதன் பக்கத்தில் கிடந்தாலும் கணக்கில்லையாம். என் முகம் பதினாறு. தாளில் பதினாறாம் எண், கல்லெறிபவர்களைத் தடுக்கக் கைகளை விரித்து நிற்கிற கிழவர். மகள் கேட்டது அந்த இடத்தைத்தான். அவள் என்னை என்றைக்கோ மன்னித்துவிட்டாள் என்கிறீர்கள். மன்னிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், அய்யா. வாக்குமூலத்தில் ஆத்திரத்தில் கொன்றதாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரமே வராது. ஆத்திரக்காரன் இரண்டு அடியில் ஓய்ந்திருப்பான். நான் மகளை அப்பால் தள்ளிவிட்டு, நிதானமாக இன்னும் எட்டு அடி அடித்தேன்.